மலையகத்தில் தினமும் ஓட்ட ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓட்டுவது 2010ஆம் ஆண்டு ஹொண்டா சிஆர்-இஸட், மெனுவல் கியர். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு வேலைக்குப் போய்வருவது இதில்தான். பெற்றோல் ஷெட்டிலும் கோயிலடியிலும் கல்யாண வீட்டிலும் ஆட்கள் நிறுத்திக் கேட்பவற்றை ஓரிடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் வசதி என்று தோன்றியது.

ஏன் சிஆர்-இஸட்? ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வேறு எத்தனையோ இருக்கின்றனவே?

கையில் இருக்கும் காசுக்கு இலங்கையில் கிடைப்பது இதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி அனுமதி வந்தது. வந்தாலும், மூன்று வருடத்துக்கு மேற்பட்ட காரைக் கொண்டுவர முடியாது. புதியதைக் கொண்டுவரலாம் என்றால் வரியைக் கேட்டதும் தலை சுற்றும். ஆகவே நம்மைப் போன்றவர்கள் ஏற்கனவே நாட்டுக்குள் வந்து கைமாறிக் கைமாறி ஓடுகிறவற்றில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும்.

சிஆர்-இஸட் ஜப்பானில் 2010 பெப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. அந்த ஆண்டுக்கான ஜப்பானின் சிறந்த கார் விருதும் அதற்குத்தான் கிடைத்தது. பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட் வண்டி இது; ஹைபிரிட்டுகளுக்கு வரி குறைவாக இருந்த காலத்தில் இங்கேயும் நிறைய வந்து இறங்கியது. அதனால்தான் இன்றும் தேடினால் கிடைக்கிறது, விலையும் மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களைப் போல வானத்தில் இல்லை. "மலிவு" என்று சொல்வது இலங்கைக் கணக்கில்தான். பத்து வருடம் தாண்டிய காருக்கு நாம் கொடுக்கும் விலையை ஒரு ஜப்பான்காரரிடம் சொன்னால் சிரிப்பார்.

இது நிஜமாகவே ஸ்போர்ட்ஸ் காரா, வெறும் தோற்றமா?

கேட்பவர்களில் பாதிப் பேர் பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள். 1.5 லீற்றர் எஞ்சின், 114 குதிரைவலு. கூடவே 14 குதிரைவலு கொண்ட மின்மோட்டர். நேர்ச்சாலையில் யாரையும் மிரட்ட முடியாது. ஆனால் எடை 1,130 கிலோதான். நீளம் 4.08 மீற்றர், உயரம் 1.395 மீற்றர். தாழ்வான, குட்டையான, வளைவில் உடல் சாயாத வண்டி.

அப்புறம், நாம் ஓட்டுவது எங்கே? சட்டப்படி ஊருக்கு வெளியே 70, ஊருக்குள் 50. லிந்துலையிலிருந்து நானுஓயா வரை பெரும்பாலான வளைவுகளில் 40ஐத் தாண்ட இடமே இல்லை. அந்த 40இல் ஸ்டியரிங் கையில் எப்படிப் பேசுகிறது, மூன்றிலிருந்து இரண்டாம் கியர் எவ்வளவு சுத்தமாக விழுகிறது என்பதில்தான் சுகம் இருக்கிறது. 300 குதிரைவலு வண்டி வைத்திருப்பவருக்கு ஹட்டன் ரோட்டில் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட வேலை கிடைக்காது. என்னைக் கேட்டால், மலைக்குக் குறைந்த வலுவுள்ள லேசான வண்டிதான் சரி. வலுவைக் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு பிரேக்கையும் டயரையும், வீட்டு வாசலுக்குப் போகும் கடைசி அரைக் கிலோமீற்றர் ரோட்டையும் பாருங்கள். இந்த வண்டியோடு காலம் தள்ள முடியுமா என்பதை அந்த மூன்றும்தான் தீர்மானிக்கும்.

ஏற்றத்தில் இழுக்குமா?

இழுக்கும். ஆனால் கொழும்பில் ஓட்டிப் பார்த்து வாங்கியவர்களுக்கு மேலே வந்ததும் ஒரு ஏமாற்றம் வரும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். டேர்போ இல்லாத எஞ்சினுக்குள் போகும் காற்றும் அந்த அளவு குறைகிறது. கீழே 114 கொடுக்கும் எஞ்சின் மேலே 90ஐ ஒட்டித்தான் கொடுக்கும். வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்து பிளக், ஃபில்டர் எல்லாம் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பாவம்.

மின்மோட்டருக்கு உயரம் ஒரு பொருட்டில்லை. 1,000 சுற்றிலேயே 78 நியூட்டன் மீற்றர் தள்ளும். ஊசி வளைவில் வேகம் விழுந்து எஞ்சின் முனகும் இடத்தில் அந்தத் தள்ளல் அருமையாகத் தெரியும். ஆனால் பற்றரி சின்னது. 100.8 வோல்ட், 5.75 ஆம்பியர்-மணி, பெருக்கினால் 0.6 கிலோவாட்-மணிகூட வராது. கம்பளையில் தொடங்கி அக்சிலரேட்டரை மிதித்தபடியே ஏறினால், புசல்லாவைக்கு வருமுன்பே மீற்றரில் பற்றரிக் கோடுகள் அடியில் கிடக்கும். இறம்பொடை வளைவுகளில், உண்மையாகத் தேவைப்படும் நேரத்தில், மோட்டர் கைகட்டி நிற்கும். ஸ்போர்ட், நோர்மல், எகோன் என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. நீண்ட ஏற்றத்தில் நோர்மலில் வைத்து, ஒரு கியர் கீழே போட்டு, எஞ்சினைச் சுற்றவிட்டு ஏறுங்கள். ஸ்போர்ட்டைக் குறுகிய ஏற்றங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மெனுவலா, ஓட்டோவா?

மெனுவல். ஆறு கியர் மெனுவல் போட்டு வந்த முதல் ஹைபிரிட் கார் இதுதான்; அதை விட்டுவிட்டு சிவிடி என்ற ஓட்டோ கியர் வண்டியை வாங்கினால் வண்டியின் பாதிச் சுவை போச்சு. ஆனால் கண்டி டவுனுக்குள் தினமும் போகிறவர் என்றால் நான் வாதாட மாட்டேன். பேராதனை ரோட்டில் மாலை நேரம் கிளட்சை மிதித்து மிதித்து முழங்கால் விட்டுப்போகும். சிவிடி எடுத்தால் ஸ்டியரிங்கின் பின்னால் உள்ள, கியர் மாற்றும் துடுப்புகளைப் பழகிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் அவைதான் உங்கள் கியர்.

மெனுவல்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஏற்றத்தில் நிற்கும்போது கிளட்சைப் பாதி விட்டு வண்டியைத் தாங்காதீர்கள். ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். அது எதற்கு இருக்கிறது?

இறக்கத்தில் பிரேக் தாங்குமா?

வண்டியின் பிரேக் தாங்கும். ஓட்டுபவரின் பழக்கம்தான் தாங்குவதில்லை. நானுஓயாவுக்குப் பக்கத்தில் ரதெல்ல குறுக்குவீதி இருக்கிறதல்லவா, அங்கே 2023 ஜனவரியில் ஒரு பஸ் வேனிலும் ஆட்டோவிலும் மோதி ஏழு பேர் உயிர் போனது. கனரக வாகனங்களுக்கு அந்த வழி ஆகாது என்று முன்பிருந்தே சொல்லிவந்தார்கள். நம்முடையது சின்ன வண்டி, நமக்கு அப்படி எதுவும் ஆகாது என்று யாராவது நினைத்தால், பிரேக் எப்படிச் சூடாகிறது என்பதை அவர் யோசிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மலையிலிருந்து இறங்கும் வண்டியின் சக்தி எங்காவது போயாக வேண்டும். எஞ்சின் வாங்கிக்கொள்ளாவிட்டால் முழுவதும் பிரேக் தட்டுக்கு வெப்பமாகப் போகும். தட்டும் பேடும் சூடேறும்; பேட் பிடிப்பை இழக்கும்; சூடு பிரேக் எண்ணெய் வரை போனால் எண்ணெய் கொதித்துக் குமிழி விழும். அப்போது பெடல் தரை வரை இறங்கும், வண்டி நிற்காது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டொட் 4 ரகப் பிரேக் எண்ணெய்க்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 பாகை. ஈரம் ஏறியபின் கணக்கு 155 பாகை. வருடத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் நம் பக்கத்தில் இது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், பார்க்கத் தெளிவாக இருந்தாலும் சரி. செலவு ஒரு நல்ல கல்யாணச் சாப்பாட்டுக்கு மொய் எழுதுகிற அளவுதான்.

ஓட்டும் முறை பழையதுதான்: எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை வளைவுக்கு முன் ஒருமுறை நன்றாக அழுத்தி, வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். காலை வைத்துக்கொண்டே இறங்க வேண்டாம். நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இன்றைய எஞ்சின், கியரில் இருக்கும்போது அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெற்றோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும்.

இனி, ஹைபிரிட்டுக்கே உரிய ஒரு விஷயம். வாங்குபவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. இறக்கத்தில் காலை எடுத்தால் மோட்டர் ஜெனரேட்டராக மாறி பற்றரியை நிரப்பும். அந்த இழுவை வண்டியை மெதுவாக்கும். சந்தோஷம். ஆனால் அவ்வளவு சின்னப் பற்றரி எவ்வளவு நேரம் வாங்கும்? 1,300 கிலோ எடை 200 மீற்றர் உயரம் இறங்கினால் வெளியாகும் சக்தி, அந்தப் பற்றரியின் முழுக் கொள்ளளவையே தாண்டும். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் உயரம் 1,300 மீற்றருக்கும் மேல். ஆகவே பாதி வழி வருமுன்பே பற்றரி நிரம்பும், நிரம்பியதும் கணினி அந்த இழுவையை நிறுத்தும், அதே கியரில் அதே வளைவில் வண்டி திடீரென்று லேசாக ஓடத் தொடங்கும். பதறாமல் இன்னொரு கியர் கீழே போடுங்கள். பற்றரி மீற்றர் நிரம்பி வருவதைக் கண்டதுமே போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

கருகிய வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்திக் காற்றில் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், தட்டு கோணும். பக்கத்தில் தேநீர்க் கடை இல்லாத இடம் நம் ரோட்டில் அரிது.

தோட்டத்து ரோட்டில் அடி தட்டாதா?

தட்டும். பெரிய ரோட்டில் இந்த வண்டிக்குப் பிரச்சினையே இல்லை. ஏ5, ஏ7 எல்லாம் நல்ல கார்பெட். பிரச்சினை அங்கிருந்து இறங்கி லயத்துக்கோ பங்களாவுக்கோ போகும் வழியில். வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட கல் ரோடு, நடுவில் புல் முளைத்த மேடு, குறுக்கே ஓடும் கான், மழைக்குப் பிறகு எங்கே பள்ளம் என்று தெரியாத செம்மண்.

வாங்குமுன் உங்கள் ரோட்டில் நடந்து பாருங்கள். சக்கரம் போகும் இரண்டு தடத்துக்கும் நடுவே மேடு எவ்வளவு உயரம் என்று ஒரு தடியை வைத்து அளவெடுங்கள். அரைச் சாணுக்குக் குறைவு என்றால் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் எஞ்சின் எண்ணெய்ச் சட்டி எப்போதாவது கல்லில் இடிக்கும். எங்கள் டிவிஷனில் மேட்டைக் கொத்தி எடுத்து, சக்கரத் தடத்தில் கொங்கிறீட் போட்டார்கள். அதற்கு நானும் பக்கத்து ஆட்டோக்காரர்களும் சேர்ந்துதான் காசு போட்டோம். அது இல்லாவிட்டால் இந்தக் கார் எனக்கு இல்லை.

கானைக் கடக்கும்போது நேராகப் போகாமல் சாய்வாக, ஒரு சக்கரத்துக்குப் பின் ஒன்றாக இறக்குங்கள். முன்பம்பரின் உதடு தப்பும். ஆட்கள் நிறைய இருந்தால் இறக்கிவிட்டுக் கடப்பதில் வெட்கம் வேண்டாம். ஷொக் அப்சோபருக்கு மேல் ஸ்பேசர் போட்டு உயர்த்தித் தருகிறோம் என்பார்கள். கொஞ்சம் உயர்த்துவது ஆபத்தில்லை, அளவுக்கு மீறினால் சக்கரக் கோணமும் டிரைவ் ஷாஃப்ட் கோணமும் மாறும். வளைவில் திரும்பும் குணமும் போகும். அந்தக் குணத்துக்காகத்தானே வாங்கினோம்? ஸ்பேசருக்குப் பதிலாக அடியில் ஒரு இரும்புத் தகடு போட்டுக்கொள்ளுங்கள். ஹட்டனில் வெல்டிங் கடைகள் அழகாகச் செய்து தருவார்கள்.

மேல் தோட்டங்களில், கொழுந்து லொறி மட்டும் ஏறும் ரோட்டில் வீடு என்றால், மன்னிக்கவும், இந்த வண்டி வேண்டாம்.

மழை, மூடுபனியில் எப்படி?

டயர் நல்லதென்றால் பயமில்லை. அளவு 195/55 ஆர் 16, தேடி அலைய வேண்டியதில்லை. சட்டத்துக்கு 1.6 மில்லிமீற்றர் பள்ளம் போதும் என்று ஒரு கணக்கு உண்டு. மலையில் 3க்கு வந்ததும் நான் மாற்றிவிடுவேன். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஏழெட்டு வருடம் தாண்டிய ரப்பர் ஈரத்தில் வழுக்கும். "ஜப்பான் யூஸ்ட் டயர், புதுசு மாதிரி" என்பார்கள். இலக்கத்தைப் பாருங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம்தான் கொட்டும். பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு ஆண்டுக் கடைசியில். நிழல் விழும் வளைவில் பாசி பிடித்திருக்கும், யூகலிப்டஸ் மரத்தடியில் இலை நனைந்து கிடக்கும், தோட்டத்து வாசலில் லொறி கொண்டுவந்த சேறு இருக்கும். மூன்றுக்கும் மருந்து மெதுவாகப் போவதுதான். மூடுபனியில் லைட்டைத் தாழ்த்திப் போடுங்கள். உயர்த்தினால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் ரோடுகளை என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் எந்தக் காராக இருந்தாலும் வீட்டில் இருக்கட்டும்.

பெற்றோல் எவ்வளவு குடிக்கும்?

ஜப்பானில் அவர்களுடைய பழைய சோதனை முறையில் சிவிடிக்கு லீற்றருக்கு 25 கிலோமீற்றர், மெனுவலுக்கு 22.5 என்று எழுதியிருந்தார்கள். மலையில் அதை மறந்துவிடுங்கள். எனக்கு 13, 14 ஓடுகிறது. கொழும்புக்குப் போய்வந்தால் 18ஐத் தொடும். ஸ்போர்ட் என்ற பெயருக்கு அது நல்ல கணக்குதான். தாங்கி 40 லீற்றர். ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்குச் செய்த வண்டி என்பதால் ஒக்டேன் 92 போதும். 95 அடித்தால் பறக்கும் என்று சொல்கிறவர்கள் ஷெட்டுக்கு லாபம் தேடித் தருகிறார்கள்.

2022இல் கியூஆர் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலத்தில், பெரிய எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார்கள் தார்ப்பாயின் கீழ் தூங்கின. இந்த வண்டிகள் வேலைக்குப் போய்வந்தன. அதன் பிறகுதான் பலருக்கு இதன் மேல் மரியாதை வந்தது.

ஹைபிரிட் பற்றரி செத்துப்போனால்?

போகும். எப்போது என்பதுதான் கேள்வி. ஆரம்பகால வண்டிகளில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரி. 2012இல் முகம் மாற்றி வந்தவற்றில் லித்தியம் அயன். மோட்டரும் 20 குதிரைவலுவாகக் கூடியது. காசு எட்டினால் பிந்தியதை எடுங்கள்.

மலையில் பற்றரி ஒவ்வொரு நாளும் நிரம்பி வடிந்து நிரம்புகிறது. தட்டை நிலத்து வண்டியைவிட வேலை அதிகம். தேய்ந்த பற்றரியின் குணம் இது: மீற்றரில் பாதி காட்டிக்கொண்டிருக்கும் கோடுகள் திடீரென்று அடிக்கு விழும், எஞ்சின் தானாகவே பற்றரியை ஏற்ற முனையும், ஏற்றத்தில் உதவி விட்டுவிட்டு வரும். பிறகு ஐஎம்ஏ என்ற ஹைபிரிட் எச்சரிக்கை விளக்கு எரியும். செல் மாற்றித் தரும் கடைகள் கொழும்பிலும் கண்டியிலும் இருக்கின்றன. கெட்ட இரண்டு மூன்று செல்லை மட்டும் மாற்றுவது மலிவு, ஆனால் பழையதும் புதியதும் ஒத்துப்போகாமல் கொஞ்ச நாளில் மறுபடி விளக்கு எரியும். முழுத் தொகுதியாக, எழுத்தில் உத்தரவாதத்தோடு வாங்குங்கள்.

பற்றரி இருப்பது பின்பக்கத் தரைக்கு அடியில். காற்று போகும் வாயைக் கறிமூட்டையும் உரப்பையும் வைத்து அடைக்காதீர்கள். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தியும் வைக்காதீர்கள்.

பாகங்கள் கிடைக்குமா? நம்ம ஊர் மெக்கானிக் பாஸுக்கு வேலை தெரியுமா?

எஞ்சினைப் பொறுத்தவரை கவலை இல்லை. இலங்கையில் தெருவுக்குத் தெரு ஓடும் ஹொண்டா ஃபிட்டின் எஞ்சின் குடும்பம்தான் இது. டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவும் இல்லை. 0டபிள்யூ-20 ரக எஞ்சின் எண்ணெய் போட்டால் போதும். ஃபிட் செய்யத் தெரிந்த பாஸ் இதையும் செய்வார். "பாஸ், ஹைபிரிட் பக்கம் கை வைக்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிடுங்கள், ஆரஞ்சு நிற வயர் உயர் அழுத்த வயர்.

உடம்புப் பாகம்தான் தலைவலி. ஹெட்லைட், பம்பர், பின்கண்ணாடி எதுவும் ஃபிட்டுடையது பொருந்தாது. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். அதனால் ஃபுல் இன்சூரன்ஸ் போடுங்கள், பஸ்ஸோடு இடத்துக்காகப் போட்டி போடாதீர்கள். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது மலையில் பழைய மரபு; தனியார் பஸ்ஸுக்கு அவர் ஏறினாலும் இறங்கினாலும் வழிவிடுவது புத்திசாலித்தனம்.

குடும்பத்தோடு போகலாமா?

முன்னால் இரண்டு பேர் ராஜா மாதிரி. பின்னால் இருக்கை என்று ஒன்று இருக்கிறது, பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சரி. பெரியவர்கள் தலையைச் சாய்த்துக்கொண்டு ஹட்டன் வரைகூடத் தாங்க மாட்டார்கள். பின்னிருக்கையை மடித்தால் மரக்கறி மூட்டை, காஸ் சிலிண்டர் எல்லாம் தாராளமாகப் போகும்.

வயதானவர்களுக்கு ஏறி இறங்குவதுதான் சிரமம். பாயில் உட்கார்ந்து எழும்புகிற மாதிரி. எங்கள் அப்பாயி சேலையைச் சுருட்டிக்கொண்டு முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுப்பார். இறங்கும்போது ஏற்றப்பக்கம் அவருடைய கதவு வருகிற மாதிரி நிறுத்த வேண்டும், கானின் பக்கம் நிறுத்தினால் ஏசுவார். வீட்டில் இது ஒன்றுதான் வாகனம், தினமும் நான்கு பேர் என்றால் வேறு பாருங்கள்.

மஸ்டா ரோட்ஸ்டர், ஆர்எக்ஸ்-8, ஸ்விஃப்ட் ஸ்போர்ட் எல்லாம்?

ரோட்ஸ்டர் 1989இல் வந்தது. பின்சக்கர உந்துதல், ஆரம்ப மாடல் ஆயிரம் கிலோகூட வராது. ஓட்டுவதில் சிஆர்-இஸட் அதற்குப் பக்கத்திலும் நிற்காது. ஆனால் இரண்டே இருக்கை, துணிக்கூரை. நுவரெலியா ஈரத்தில் கூரை பூஞ்சணம் பிடிக்கும், கூரைத் தண்ணீர் வடியும் துவாரத்தை இலை அடைத்தால் காலுக்கடியில் குளம். மூடிய கராஜ் இருந்தால் யோசியுங்கள்.

ஆர்எக்ஸ்-8 பக்கம் போகவே வேண்டாம். 654 சிசி அறை இரண்டு கொண்ட ரோட்டரி எஞ்சின். தாழ்ந்த சுற்றில் வலு இல்லை, பெற்றோலும் குடிக்கும் எண்ணெயும் குடிக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட்? காசு கூட இருந்திருந்தால் நான் அதைத்தான் வாங்கியிருப்பேன். 2011இல் வந்த மாடல் 1.6 லீற்றர், 136 குதிரைவலு, ஆறு கியர், ஐந்து கதவு. ஒக்டேன் 95 மட்டும் அடிக்க வேண்டும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் போங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அன்று வாங்காதீர்கள். ஒரு நீண்ட ஏற்றத்தில் பற்றரி வடியும் வரை ஓட்டி, அதே வழியில் இறங்கி மீற்றர் எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள். தட்டை ரோட்டில் ஓட்டிக் காட்டுவது எதையும் காட்டாது. கொழும்புக்காரர் விற்றால் கடுகண்ணாவை ஏற்றத்துக்காவது கொண்டுவரச் சொல்லுங்கள். அடியில் படுத்துப் பாருங்கள்: எண்ணெய்ச் சட்டியில் நசுங்கல், வெல்டிங் தடம். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம், சேசி இலக்கம் ஒத்துப்போகிறதா, லீசிங் முடிந்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ரேடியோ எடுக்காவிட்டால் அது பழுதில்லை. அந்தக் காலத்து ஜப்பான் ரேடியோ 76இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும். நம் சூரியன் எஃப்எம்மும் சக்தி எஃப்எம்மும் அதற்கு மேலே. ஒரு பேண்ட் எக்ஸ்பாண்டர் போட்டால் பாட்டு வரும்.

சைலென்சர், பொடி கிட் எல்லாம் போடலாமா?

வேண்டாம். சத்தம் போடும் சைலென்சருக்குப் பொலிஸ் நிறுத்தும், லயத்தில் தூங்கும் பிள்ளைகள் எழும்பும். பொடி கிட் முதல் கானிலேயே உடையும். அந்தக் காசுக்கு நல்ல பிரேக் பேட்.

ரேஸ் ஓட ஆசையாக இருக்கிறது?

ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார் போட்டி நடக்கும், 1934இல் தொடங்கியது. ரதெல்லயிலும் ஒன்று உண்டு. மூடிய பாதை, ஹெல்மட், அம்பியூலன்ஸ் எல்லாம் இருக்கும். ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளுங்கள். ஏ7இல் ஸ்கூல் விட்டு நடந்து போகும் பிள்ளைகளும், கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மாமாரும் ரோட்டோரத்தில்தான் நடக்கிறார்கள். அவர்களுக்கு நடைபாதை கிடையாது.

சனங்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்களா?

சொல்வார்கள். "தோட்டத்துப் பையனுக்கு எதுக்கு ரெண்டு கதவு கார்?" என்பதில் தொடங்கி, "யாரோட வண்டி தம்பி, துரையோடதா?" வரைக்கும். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் எனக்குக் கோபம் வரும். தேர்த் திருவிழாவுக்கு ரோடு மறித்தால் எஞ்சினை அணைத்துவிட்டு மற்றவர்களோடு நில்லுங்கள். பிள்ளைகள் கேட்டால் உள்ளே உட்காரவிடுங்கள். ஒரு மாதத்தில் அது ஊர் வண்டியாகிவிடும்.

திருப்பி விற்றால் போகுமா?

போகும், மெனுவல் சீக்கிரம் போகும். கழற்றிய அசல் பாகங்களை எறியாமல் பெட்டியில் வைத்திருங்கள். பற்றரி மாற்றிய பில், சேவிஸ் பில் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும். வாங்க வருபவர் கீழ்நாட்டுக்காரர் என்றால் பேரம் பேசுமுன் வண்டியின் அடியைத்தான் பார்ப்பார், கழுவி வையுங்கள்.